ரொட்டி தின்ற சீமாட்டி

என் கணவர் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். மனசு நிறையப் பாசம், அதை எங்கே கொட்டுவதென்றுதான் தெரியாது. எங்கள் பசு சீமாட்டிக்குப் பால் குறைந்துவிட்டதென்று ஒரு வார்த்தை முணுமுணுத்தேன், அவ்வளவுதான். கடையில் விற்காத ரொட்டியை மூட்டையோடு கொண்டுவந்து தொட்டியில் கொட்டிவிட்டார். நான் அப்போது வீட்டில் இல்லை. இருந்திருந்தால் மூட்டையையும் அவரையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பேன்.

இரவு படுத்த சீமாட்டி மறுநாள் காலையில் எழவில்லை. அசை போடவில்லை. சாணம் தண்ணீராகப் போனது, மூச்சில் புளித்த வாடை. அவள் சினையாக வேறு இருந்தாள்.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். அவள் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர். மாட்டு வயிற்றைத் தவிர உலகத்தில் வேறெதிலும் அவளுக்கு அக்கறை கிடையாது. சாப்பாட்டுப் பந்தியிலும் அதைத்தான் பேசுவாள், நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வோம்.

வந்ததும் மாட்டின் இடது பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். முகம் சுண்டிப்போனது.

"அண்ணா, எவ்வளவு போட்டே?"

"கொஞ்சம்தான்…"

"ஒரு மூட்டை," என்றேன் நான்.

"அண்ணி, உள்ள கோடிக்கணக்குல கிருமிங்க இருக்கு. புல்லைக் கரைச்சு மாட்டுக்குச் சோறு போடறதே அதுங்கதான். ரொட்டி போனதும் மாவு தின்னற கூட்டம் கண்ணு மண்ணு தெரியாம பெருகிடுச்சு. புளிப்பு ஏறிப்போய்ப் புல்லு தின்னற கூட்டம் செத்துடுச்சு."

"மாவு புளிச்சாப் பொங்கத்தானே செய்யும்?" என்றார் கணவர் பாவமாக.

"இது உன் அடுப்பு இல்ல. கடைக்குப் போய்ச் சோடா உப்பு கொண்டு வா, ஓடு!"

ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

குழாய் விட்டுப் புளித்ததை வெளியே எடுத்தாள், சோடா உப்பைக் கரைத்து உள்ளே ஊற்றினாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"புளிப்பு இறங்கிடும். ஆனா உள்ள ஆளே இல்லையே. இனிமே புல்லு போட்டா யாரு கரைப்பா? வேற மாட்டு வயித்துலேருந்து எடுத்து விட்டாத்தான் பிழைக்கும்."

"பழைய மாவுல ஒரு பிடி எடுத்துப் புதுசுல சேர்க்கிற மாதிரியா?" என்றார் கணவர்.

"அதேதான்." அன்றைக்கு என் கணவர் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அது.

அவள் நிலையத்தில் ஆராய்ச்சிக்காக விலாவோரம் துளையிட்டு மூடி போட்ட பசுக்கள் இரண்டு உண்டு. மூடியைத் திறந்து வயிற்றில் இருப்பதைக் கையால் அள்ளலாம், மாடு பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். ஒன்று தானியம் தின்பது, அது உதவாது. மற்றதற்குச் சன்னல் என்று பெயர். அதற்கு மாதக்கணக்காக வெறும் புல்லும் பயறுத் தழையும் போட்டு, உள்ளே எந்தக் கூட்டம் எப்படிப் பெருகுகிறதென்று எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் கடைசி அளவெடுப்பு.

"அள்ளிட்டா உன் ஆராய்ச்சி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"போயிடும். ஒரு கேன் அள்ளினா உள்ள எண்ணிக்கையே மாறிடும். மறுபடி முதல்லேருந்து."

நிலையத்துப் பெரிய டாக்டரிடம் போனில் அனுமதி கேட்டாள். "உன் உழைப்பு, உன் இஷ்டம்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

திரும்பி வந்தபோது ஒரு கேனைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். சூடு ஆறக்கூடாதாம், காற்றுப் படக்கூடாதாம். உள்ளே பச்சையும் பழுப்புமாகக் கலங்கல் தண்ணீர். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது, நாம் கண்ணால்கூடப் பார்க்க முடியாததுகள் இவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கி நிறுத்துகின்றன என்று நினைத்தபோது நான் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். குழாய் வழியே அவள் ஊற்ற, நான் சீமாட்டியின் தலையைப் பிடித்துக்கொண்டேன். "புல்லைத் தின்னு ஏப்பம் விட்டாத்தான் உள்ள வேலை ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம்," என்றாள்.

அன்று முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் சீமாட்டி தானாக எழுந்து நின்றாள். கணவர் கை தன்னால் தொட்டியோரம் சிதறிக்கிடந்த ரொட்டிக்குப் போனது. நான் பார்த்த பார்வையில் பின்வாங்கிவிட்டது. நாத்தனார் ஒரு பிடி காய்ந்த புல்லை நீட்டினாள். சீமாட்டி முகர்ந்து பார்த்தாள், யோசித்தாள், தின்றாள்.

கொஞ்ச நேரத்தில் சீமாட்டி கழுத்தை நீட்டி நாத்தனாரின் முகத்துக்கு நேராக ஒரு ஏப்பம் விட்டாள். நான் இரண்டடி தள்ளிப் போனேன். மாதக்கணக்கான உழைப்பை அந்த வயிற்றில் ஊற்றிவிட்டு நின்ற அந்தப் பெண் நகரவே இல்லை. கண் நிறைந்து வழிய, மாட்டின் தாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை விடுடி, என் ராசாத்தி."