என்ஜின் அணைந்த பிறகு

ஒரகடம் தொழிற்சாலையில் தயாராகும் அந்த சஃபாரி வண்டியின் கூரையைத் தள்ளினால் மேலே எழும்பி நிற்கும். கென்யாவின் புல்வெளியில் பயணிகள் எழுந்து நின்று யானையும் சிங்கமும் பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. கூரையை ஏற்றி இறக்கிச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது வினோதினியின் வேலை. அவள் பயிற்சியில் இருப்பவள். நிரந்தரமா இல்லையா என்பது இந்த மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.

சாயங்காலம் சோதனைத் தடத்தில் டிரைவர் ஜீவானந்தம் வண்டியை ஓட்ட, அவள் திறந்த கூரைக்கடியில் நின்றபடி போனாள். இருபக்கமும் புல் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. கண்ணைப் பாதி மூடினால் மண்ணூர்ப் பக்கத்துப் பனைமரங்கள் ஒட்டகச்சிவிங்கிகளாகி மெல்ல நடந்தன. வேலிக்கு அப்பால் எருமைகள் தூசியில் மிதந்தன.

ஏரியோரம் நிறுத்தி என்ஜினை அணைக்கச் சொன்னாள். அது வழக்கமில்லையே என்றார் அவர். வழக்கமில்லைதான். கூரையை எப்போதும் என்ஜின் ஓடும்போதே சோதிப்பார்கள். ஆனால் மிருகம் அருகே வந்தால் அங்கே வண்டியை அணைத்துவிடுவார்களே?

தண்ணீரோரம் கொக்குகள் நின்றிருந்தன. கூரையை இறக்கி மறுபடி ஏற்றினாள். டக் என்றது; என்ஜின் ஓடும்போது கேட்காத சத்தம். மொத்தக் கூட்டமும் பறந்துவிட்டது.

"சிங்கம் இன்னா, கம்ப்ளைன்ட் எழுதிக் குடுக்கப் போவுதா? கையெழுத்த போடும்மா, கம்பெனி பஸ்ஸு போயிடும்" என்றார் ஜீவானந்தம்.

தன் கைதான் முரடோ என்று சந்தேகம். மெதுவாக ஏற்றினாள். டக். இன்றே துறைமுகம் போக வேண்டிய வண்டி. நிறுத்தினால் எல்லாருக்கும் ஓவர்டைம், திட்டு அவளுக்கு. மாதக் கடைசியில் அதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அவள் கண்ணுக்குள் ஒரு பெண்சிங்கம் குட்டிகளோடு புல்லை விலக்கி வந்தது. டக். பிறகு வெறும் புல்.

வண்டியை நிறுத்திவைக்கும் சிவப்பு அட்டையை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள்.

சூப்பர்வைசர் காஞ்சனா வந்து, தானே ஏறிக் கூரையைத் தள்ளிப் பார்த்தாள். கீலுக்கடியில் ரப்பர் துண்டு வைக்கச் சொன்னாள். "உங்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்றாள். அது எந்த மாதிரிப் பேச்சு என்று வினோதினிக்குப் புரியவில்லை.

ரப்பர் வைத்தபின் மூவரும் மறுபடி ஏரியோரம் போய் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கேட் பக்கம் பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பிப் போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"மெதுவா" என்றார் ஜீவானந்தம், காற்றோடு காற்றாக.

கூரை எழுந்தது. ஒரு கொக்கு மட்டும் கழுத்தைத் திருப்பி அவர்களைப் பார்த்தது. பிறகு தண்ணீரில் குனிந்து மீன் தேடத் தொடங்கியது.