நாற்பது நாள் சீரகத் தண்ணீர்

ஆஸ்பத்திரியில் மச்சினனின் கட்டிலை ஒட்டிக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று லிஃப்ட் மெக்கானிக் யோசித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு யோசனை வந்ததே அபூர்வம். காலை ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் அப்போதுதான் போயிருந்தார். மச்சினனுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். வயிற்றுப் புண் உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது, ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் சொன்ன பொய் பெரிதொன்றுமில்லை. ஒரு பாட்டில் அளவுதான் இருக்கும். போன வருஷம் முழுக்க அவருக்கு நெஞ்சு எரிச்சல். மதியச் சாப்பாட்டை நாலு மணிக்கு விழுங்கிவிட்டு, லிஃப்டின் அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்க்கிறவருக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரை வராமல் என்ன செய்யும்? மனைவி தன் அம்மா வீட்டு வைத்தியத்தை எடுத்துவிட்டாள். சீரகத்தை வறுத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பாதியாகச் சுண்டவைத்து, வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். நாற்பது நாள். நடுவில் ஒரே ஒரு மாத்திரையைத் தொட்டாலும் அதுவரை குடித்ததெல்லாம் வீண், மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காலண்டரில் நாள் தவறாமல் கோடு போட்டு வந்தாள்.

இரண்டாம் நாளே அவருக்குக் குமட்டிவிட்டது. அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அம்மா வீட்டுச் சமாச்சாரம் எதையாவது குறை சொன்னால் மூன்று நாளைக்கு வீட்டில் பேச்சு இருக்காது, தட்டு மட்டும் சத்தமாக வந்து விழும். எதற்கு வம்பு என்று, வேலைக்குப் போய்க் குடித்துக்கொள்கிறேன் என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு போய், முதலில் கண்ணில் பட்ட வாஷ்பேசினில் கவிழ்த்தார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். நாற்பதாம் நாள் அவள் கேட்டபோது, "எரிச்சலா? எனக்கா?" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் தேவலை. அவளுடைய தையல் கூடத்தில் பாதிப் பேர் வீட்டு அடுப்பில் சீரகம் ஏறியது. கேட்டவர்களுக்கெல்லாம் சாட்சி இவர்தான். கடைசியில், பஸ் ஓட்டுகிற அவள் தம்பியும் அக்கா பேச்சைக் கேட்டு, வயிற்றுப் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டுச் சீரகத் தண்ணீரில் இறங்கினான்.

இருபத்தைந்தாம் நாள் அவன் போன் செய்தான். மெக்கானிக் அப்போது லிஃப்டின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, எரிச்சல் முன்னைக்கு இப்பதான் ஜாஸ்தியா இருக்கு. உங்களுக்கும் நடுவுல இப்படித்தான் இருந்துச்சா?"

டாக்டரிடம் போ என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அது அப்படியே அக்கா காதுக்குப் போகும், நீங்க எப்படித் தேறினீங்க என்ற கேள்வி வரும். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை அவர்.

"ஆமாப்பா. முப்பது தாண்டினா தானா அடங்கிடும்."

முப்பத்தோராம் நாள், டெப்போவில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியிலேயே சரிந்தான். மூன்று நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. கணக்கு கலைந்துவிடுமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

மனைவி தம்பியின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திறந்தான். "இன்னும் ஒம்போது நாள்தான்க்கா. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

"போனாப் போகுது. முதல்ல வீட்டுக்கு வா. இவங்க குடுக்குற மாத்திரையெல்லாம் ஓரங்கட்டிட்டு, முதல் நாள்ல இருந்து ஆரம்பிப்போம். நானே பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன்."

இவளே தன் தம்பியைக் கொன்றுவிடுவாள் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. இல்லை, கொல்லப்போவது தான்தான் என்றும் உடனே தோன்றியது.

"அதெல்லாம் வேண்டாம். நான் அந்தத் தண்ணியைக் குடிக்கவே இல்லை" என்றார். "ரெண்டு நாள்தான் குடிச்சேன். மிச்சத்தையெல்லாம் கொட்டிட்டேன். மாத்திரையிலதான் எனக்குச் சரியாச்சு."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

மச்சினன் வெளிறிய உதட்டால் மெதுவாகச் சிரித்தான். "பாருக்கா மாமாவை. என்னால முடியலையேன்னு நான் வருத்தப்படக் கூடாதாம், அதுக்காகப் பொய் சொல்றார்."

"இல்லப்பா, நிஜமாத்தான்..."

"விடுங்க மாமா. உங்க வைராக்கியம் எனக்கு வராது."

மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது. எத்தனையோ வருஷமாக அவரைப் பார்க்காத ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, பக்கத்துக் கட்டிலருகே நர்ஸ் நின்றிருந்ததையும் பொருட்படுத்தாமல், அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அவள் விரல்கள் அவருடைய விரல்களுக்குள் நுழைந்து இறுகின. அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.