தண்ணீர் நிரப்பிய கேத்தில்

தம்பி கூப்பிட்டபோது நான் வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். மொன்ரியலின் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டிகள் ஏற்றும் இரவு வேலை எனக்கு. லக்ஷன் என்னிலும் பத்து வயது இளையவன். வடக்கே ஒரு சுரங்கத்தில் பொறியியலாளர். காட்டுத்தீ அவனுடைய ஊரை நெருங்குகிறது, எல்லோரையும் உடனே வெளியேறச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணை, என்னத்தை எடுக்கிறது? நீங்கள் ஓடின ஆள்தானே."

பகிடியாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. உண்மையாகவே கேட்டான். எனக்கு அதுதான் எரிச்சல்.

"கேத்திலை எடு," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

எங்கள் வீட்டில் கேத்தில் என்றால் ஒரு கதை. தொண்ணூற்றைந்தில், போரால் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா தேநீருக்கு வெந்நீர் வைக்கும் கேத்திலில் தண்ணீர் நிரப்பி என் கையில் தந்தார். நாவற்குழிப் பாலத்து நெரிசலில் நான் அழவும் இல்லையாம், ஒரு சொட்டுச் சிந்தவும் இல்லையாம். வழியில் யாரோ ஒரு கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரைத்தான் பருக்கினார்களாம். எனக்கு நினைவிருப்பது கை உளைந்தது மட்டும். ஆனால் கலியாண வீடு, பிறந்தநாள், செத்த வீடு, எங்கே போனாலும் அம்மா அதைச் சொல்வார்.

படிப்பைப் பாதியில் விட்டு, இந்த வயதிலும் அம்மாவின் வீட்டிலேயே கிடக்கிறவனைப் பற்றிச் சொல்ல அவரிடம் வேறு கதை இல்லை. லக்ஷனைப் பற்றிச் சொல்ல நூறு இருக்கிறது. ஆனால் அவன் இங்கே பிறந்தவன், எதிலிருந்தும் ஓடாதவன். அந்த ஒன்றில்தான் நான் அவனுக்கு மேலே இருந்தேன்.

அடுத்த நாள் அவன் அஹுன்ட்சிக்கில் எங்கள் வாசலில் காரை நிறுத்தினான். மொன்ரியலிலும் புகைதான், சூரியன் செம்மஞ்சள் தோடம்பழம்போல மங்கிக் கிடந்தது. முன் இருக்கையில், இருக்கைப் பட்டி போட்டபடி, ஒரு மின்சாரக் கேத்தில். மூடிக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தான். பாதித் தண்ணீர் இன்னும் உள்ளே இருந்தது.

அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினார்.

பின்னேரம் பேரின்பநாதன் மாமா வந்தார். அம்மா தேத்தண்ணி வைத்தது அந்தக் கேத்திலில்தான்.

"ஆரும் சொல்லித் தராமலே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்," என்றார் அம்மா. "றோட்டிலை எல்லாக் காரும் நிண்டு போச்சாம். பக்கத்துக் காரிலை ஒரு சின்னப்பிள்ளை இருமி இருமிக் கிடந்ததாம். இவன்தான் தண்ணி குடுத்தவனாம்."

"ரத்தத்திலை இருக்குது," என்றார் மாமா. "நாங்கள் அகதியாகி இங்கை வந்தம், இவன் இங்கையே அகதியாகிட்டான்." என் பக்கம் திரும்பினார். "கீர்த்தி, உன்ர பதவி போச்சடா!"

எல்லோரும் சிரித்தார்கள். லக்ஷன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான், பிறகு கோப்பையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், நெருப்புக்குள் நின்றவனிடம் பகிடி விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் தேத்தண்ணியைக் குடித்தேன். என் பாலம், என் குழந்தை, என் தண்ணீர், எல்லாம் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தன.

என் கட்டிலும் போனது. அம்மா அதில் புது விரிப்புப் போட்டார். பகலில் தூங்குவதற்காக நான் யன்னலில் ஒட்டி வைத்திருந்த வெள்ளித்தாளை, "பிள்ளைக்கு வெளிச்சம் வேணும்" என்று பிய்த்து எறிந்தார். நான் நிலத்தில் படுத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு சத்தம் என்னை எழுப்பியது. நாய்க்குட்டி முனகுவது போல. லக்ஷன் கட்டிலில் குந்தியிருந்து, முழங்காலைப் பிடித்தபடி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, ஆஸ்துமா.

"மருந்து இழுக்கிற பம்ப் எங்கையடா?"

"அங்கை. விட்டிட்டு வந்திட்டன்."

"கேத்தில் எடுக்கத் தெரியுது, பம்ப் எடுக்கத் தெரியாதோ?"

"நீங்கள் கேத்தில் எண்டுதானே சொன்னீங்கள்." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினான். "தண்ணி நிரப்பி… கட்டி வைக்க… நேரம் போச்சு."

"அம்மாட்டைச் சொன்னியா?"

"இல்லை. சொன்னா ஏன் விட்டனீ எண்டு கேப்பா. பேந்து நீங்கள் சொன்னது வெளியிலை வந்திடும்."

என்னைக் காப்பாற்றுகிறானாம். மூச்சு முட்டிக்கொண்டே. அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். இதிலும் அவன் என்னை முந்திவிட்டான். அவன் முதுகில் ஒரு அடி போட்டு, சட்டையைக் கொடுத்து, அம்மா குளியலறையில் இருந்த நேரம் பார்த்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

மருந்துக்கடையில் அவனால் பேச முடியவில்லை. அவனுடைய பிரெஞ்சு தண்ணீர்போல ஓடும். என்னுடையது விமானத் தள வாசலோடு சரி.

"மொன் ஃப்ரேர்," என்றேன். "ஃபு. பம்ப் இல்லை. பா த பம்ப்."

தம்பி, நெருப்பு, பம்ப் இல்லை, அவ்வளவுதான். கடைப் பெண்ணுக்கு விளங்கியது. கணினியில் அவனுடைய பெயரைத் தேடி, பம்ப் ஒன்றைக் கையில் தந்து, அங்கேயே இழுக்க வைத்தாள். அவன் தோள் மெல்ல இறங்கியது. அவள் என்னைப் பார்த்து, நீங்களும் இடம்பெயர்ந்து வந்தவரா என்று கேட்டாள்.

"வுய்," ஆம் என்றேன்.

எந்த ஆண்டு என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நின்றார். லக்ஷன் பம்பைக் காற்சட்டைப் பைக்குள் தள்ளினான். நான் அதை எடுத்து வெளியே நீட்டினேன்.

"இதை விட்டிட்டு வந்திருக்கிறான். கேத்தில் எடுக்கச் சொன்னது நான்தான். பகிடிக்குச் சொன்னனான்."

அம்மா பம்பைப் பார்த்தார், லக்ஷனைப் பார்த்தார், பிறகு என்னை. "மாடு," என்றார். "ரெண்டும் மாடுகள்." இரவு வேலைக்குப் போகும்வரை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பெட்டியில் முட்டைப் பொரியல் இருந்தது.

மழை பெய்து, ஊர் திறந்து, லக்ஷன் திரும்பிப் போனான். கேத்திலையும் கொண்டு போனான். நான் வெள்ளித்தாளைத் திரும்ப ஒட்டினேன்.

போன கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் அம்மா அந்தக் கதையைச் சொன்னார். பாலம் வந்தது. பிறகு காட்டுத்தீ வந்தது. "மூத்த விசரன் சொல்ல, இளைய விசரன் மருந்தை விட்டிட்டுக் கேத்திலோட வந்தவன்" என்று முடித்தார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

முன்பைவிட நன்றாகச் சிரித்தார்கள். அதில் என் பெயர்தான் முதலில் வருகிறது.