ஏழாம் பிளாக்கின் இரண்டாவது கிணறு

அலுவலகத்தில் அவருக்கு ‘நிபந்தனை’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை என்றாலும் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. கடலுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேட உரிமம் கொடுக்கும் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி. எந்தக் கோப்பு வந்தாலும் ‘கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்று எழுதாமல் அவர் பேனா நகராது. வீட்டிலும் கேலிக்குக் குறைவில்லை. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து சோபாவில் வேர்விட்டுவிட்ட மச்சினன், “அக்கா, கடலைக் கூறு போட்டு விக்கிறவர் வந்துட்டாரு, தட்டை வை” என்பான்.

விற்பதெல்லாம் இல்லை. வரைபடத்தில் கடலைக் கட்டம் கட்டமாக, அதாவது பிளாக் பிளாக்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, கம்பெனிகளை அழைப்பார்கள். அதிகமாகத் தேடுகிறேன் என்று வாக்குக் கொடுப்பவருக்குச் சில வருடங்கள் தேடிப் பார்க்க அனுமதி. ஏழாம் பிளாக்கை வாங்கிய கம்பெனி இரண்டு கிணறு தோண்டுவதாகச் சொல்லித்தான் மற்றவர்களை முந்தியது. முதல் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. இப்போது இரண்டாவதைத் தோண்டாமல் விட்டுவிட அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தார்கள்.

மனுவைப் பற்றிப் பேச வந்தவர் கம்பெனியின் நிலவியல் நிபுணர். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. உரிமம் கொடுத்த நாளிலிருந்து அவரோடு மல்லுக்கு நின்றே பழகியவர். அன்றைக்கு என்னவோ குரலில் சுருதியே இல்லை.

“எண்ணெய் விலை இறங்கிப்போச்சு சார். கிணறு தோண்டுற கப்பலும் கிடைக்கல. அதனால விலக்கு வேணும்னு கம்பெனி கேட்டுக்குது.”

மனப்பாடப் பகுதியை ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது.

“என்னம்மா, சண்டை போடத்தானே வருவீங்க? இன்னிக்கு இப்படி ஒப்பிக்கிறீங்க?”

“களைச்சுப்போச்சு சார்.”

அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அந்தம்மா குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“முதல் கிணறு, நீங்க சொன்ன இடத்துலயா தோண்டினாங்க?”

அந்தம்மா ஒருமுறை கதவைப் பார்த்தார். “கம்பெனி முடிவு பண்ணின இடத்துல தோண்டினாங்க.”

“நீங்க சொன்ன இடம்?”

“இன்னும் கிழக்கே. அங்க ஆழம் ஜாஸ்தி, செலவு கட்டுப்படியாகாதுன்னு தலைமை ஆபீஸ்ல...” சட்டென்று நிறுத்திக்கொண்டார். “சார், நான் கம்பெனி சம்பளம் வாங்கறவ. விலக்கு வேணும்னு நான் சொல்லியாகணும். சொல்லிட்டேன்.”

“நாங்க மறுத்துட்டா?”

“மறுத்துட்டா, அபராதம் கட்டறதுக்குப் பதிலா தோண்டிடலாம்னு நினைப்பாங்க.” டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்: “அங்கயும் தண்ணியே வரலாம் சார். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா எத்தனையோ வருஷமா அந்தக் கடலடிப் படத்தையே பாத்துட்டிருக்கேன். என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்.”

அந்தம்மா போனபின் அவர் கோப்பை இழுத்து, மனுவை மறுக்கலாம் என்று பரிந்துரை எழுதினார். அன்று ஒரே கிணறுதான் முடியும் என்று உள்ளதைச் சொன்ன மற்றக் கம்பெனிக்காரர்கள் தோற்றுப்போனார்கள். இரண்டு என்று அளந்தவர்கள் இப்போது கைகழுவிவிட்டுப் போவது நியாயமில்லை என்று காரணம் காட்டினார். காரணம் சரியானதுதான். ஆனாலும் சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை.

மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணுக்காகவா எழுதினீங்க?” என்றாள்.

“ஒப்பந்தத்துல இருக்கறதத்தான் எழுதினேன்.”

“அப்ப எதுக்கு இப்படி சோத்தை அளைஞ்சுட்டிருக்கீங்க?”

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அவரைவிட வயதில் சின்னவர். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம். “அடுத்த சுற்றுக்கு அழைப்பு விடப்போறோம். போன தடவை பாதி பிளாக்குக்கு ஆளே வரல. இந்த நேரத்துல இவங்க கழுத்தைப் பிடிச்சா எவன் சார் வருவான்?”

“உள்ளதைச் சொல்லித் தோத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

“அவங்களும் வரணும்னுதான் நானும் பாக்கறேன். கெடுபிடி ஆபீஸ்னு பேர் வாங்கிட்டா ஒருத்தனும் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். மேலயும் விட்டுடுன்னுதான் சொல்றாங்க.” கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். “வேணும்னா உங்க மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு நிபந்தனை சேத்துக்குங்க.”

முன்னொரு காலம் என்றால் இன்னும் அரை மணி நேரம் வாதாடியிருப்பார். இப்போது நாற்காலியிலிருந்து எழுவதே பெரிய வேலையாக இருந்தது. விலக்குக் கொடுக்கலாம் என்று மாற்றி எழுதி, ஆய்வு விவரங்கள் முழுவதையும், தோண்டாத கிழக்குப் பகுதியைப் பற்றியவை உட்பட, அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சேர்த்தார். அவரால் ஆனது அவ்வளவுதான்.

அந்தம்மாவே வந்து ஒப்படைத்தார். பெட்டியில் அடுக்கிய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். கடைசியாக வைத்ததிலிருந்து கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

“நீங்க மறுத்து எழுதினீங்கன்னு கேள்விப்பட்டேன் சார்.”

“எழுதி என்ன பிரயோஜனம்?”

“எழுதினீங்கல்ல.” அந்தம்மா காலிப் பெட்டியை மூடினார். கம்பெனி தன்னை வேறொரு கடலுக்கு மாற்றிவிட்டதாகவும், பையனின் படிப்பை நினைத்தால்தான் கவலையாக இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சுற்று வந்தது. ஏழாம் பிளாக்கைப் பற்றிய விளம்பரத்தில் கிழக்குப் பகுதியின் விவரங்கள் கிடைக்கும் என்று அவரே பார்த்துப் பார்த்து ஒரு வரி சேர்த்தார். இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து படங்களைப் புரட்டிவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். உறைகளைப் பிரித்த அன்று ஏழுக்கு ஒரு விண்ணப்பமும் இல்லை.

அன்று மத்தியானம் தொலைபேசி அடித்தது. தூரத்திலிருந்து அந்தம்மாவின் குரல்.

“ஏழுக்கு யாராவது வந்தாங்களா சார்?”

“இல்லம்மா.”

“சரி சார். அடுத்த சுற்றுல பாக்கலாம்.”

“அதுக்குள்ள எனக்கு ரிட்டையர்மென்ட் வந்துடும்மா.”

“அப்ப நான் யாரைக் கேக்கறது?”

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து மேஜை காலியாகக் கிடந்தது. அங்கே இருந்தவர் மாற்றலாகிப் போய் மாதக்கணக்காகிறது. “வீட்டு நம்பர் தரேன், எழுதிக்குங்க” என்றார்.

நம்பரைச் சொல்லி வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஆறிப்போயிருந்தது. பரவாயில்லை என்று சாப்பிட்டார்.