ஹாலம் மாட்டிவிட்டுப் போன தகடு

ஹேசல் ஸ்டோபர்ட் அன்று காலை யாருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லவில்லை. படகுக் கொட்டகையின் கதவைத் திறந்த வேகத்தில் கீல் அலறியது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். முந்தைய நாள் இரவு தொலைக்காட்சியில் ஒருவர் செத்துப்போனார். அதுவும் நிஜ மனிதர் இல்லை.

'வடதுறை' என்ற தொடர் பதினான்கு வருடம் ஓடியது. விண்வெளியில் பழுதாகி நின்றுபோன கப்பல்களைத் தேடிப் போய் ஆட்களை மீட்டு வரும் படகின் தலைவர் ஹாலம். வீரவசனம் பேசத் தெரியாதவர். துப்பாக்கி தொடமாட்டார். வேலை முடிந்து துறைக்குத் திரும்பியதும் படகோட்டிகளைத் தலை எண்ணுவார். "ஏழு பேர் போனோம், ஏழு பேர் வந்தோம்" என்பார். அதோடு அத்தியாயம் முடியும். நாடே இந்த ஒரு வரியைப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்கார்வித் ஊருக்கு அந்தத் தொடர்மேல் தனி உரிமை இருந்தது. வடகடலைப் பார்த்து நிற்கும் சின்ன ஊர். அங்கேயும் ஒரு மீட்புப் படகு உண்டு, சம்பளம் வாங்காமல் அதில் போகிறவர்களும் உண்டு. ஹேசல் அவர்களில் ஒருத்தி. வாரநாளில் பண்ணை டிராக்டர்களைப் பழுதுபார்ப்பாள். இடுப்பில் இருக்கும் அழைப்புக் கருவி கத்தினால் கையில் இருக்கிற ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடுவாள்.

தொடரின் இரண்டாவது ஆண்டில் அவள் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் போட்டாள். நான்கு பக்கம். "உங்கள் படகில் யார் போனார்கள், யார் கரையில் இருக்கிறார்கள் என்று துறையில் யாருக்குமே தெரிவதில்லை. எங்கள் கொட்டகையில் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு பித்தளைத் தகடு. போகும்போது எடுத்துப் போவோம், திரும்பியதும் மாட்டுவோம். ஆணி காலியாக இருந்தால் ஆள் வெளியில் இருக்கிறான் என்று அர்த்தம். வரும்வரை யாரும் வீட்டுக்குப் போகமாட்டோம்." பதில் வந்தது. அடுத்த ஆண்டு ஹாலமின் துறைச் சுவரில் பலகையும் வந்தது. ஊரே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

அந்தத் தகட்டை வைத்துத்தான் நேற்று அவளைக் கழுத்தறுத்திருந்தார்கள்.

கொட்டகைக்குள் நெவில் டாட்ஸ் ஏற்கெனவே வந்திருந்தார். அறுபத்தொரு வயது. இருபது வருடம் படகை ஓட்டியவர். முழங்கால் தேய்ந்தபிறகு, படகைக் கடலுக்குள் தள்ளிவிடும் டிராக்டரை ஓட்டுகிறார். அந்த டிராக்டரும் கழுத்தளவு அலைக்குள் இறங்குவதால் அவருக்கும் ஒரு ஆணி உண்டு, தகடும் உண்டு. சனிக்கிழமை தோறும் படகை நல்ல தண்ணீரில் கழுவுவது அவர்கள் இருவரின் வேலை.

"பாத்தியா கண்ணு?" என்றார் நெவில். "என்னமா முடிச்சிட்டாங்க! நான் அழுதே போயிட்டேன்."

"நானும் அழுதேன். வயித்தெரிச்சல்ல."

"உனக்குப் பிடிக்கலையா?"

"யோவ், பிடிக்கிறதா? அந்தாளு தகட்டை மாட்டிட்டுப் போறான்யா!"

நடந்தது இதுதான். வெடிக்கப்போகும் ஒரு கப்பலின் உலையை யாராவது உள்ளே போய் அணைக்க வேண்டும். போனவர் திரும்ப முடியாது. ஹாலம் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் தகட்டை ஒரு முறை கையில் எடுத்து, மறுபடி ஆணியிலேயே மாட்டிவிட்டு, துணைப்படகில் தனியாகக் கிளம்பிவிட்டார். மற்ற ஆறு பேரும் பலகையைப் பார்த்தார்கள். ஏழு தகடும் இருந்தன. தலைவர் அறையில் தூங்குகிறார் என்று நினைத்து, அவருக்கு எடுத்துவைத்த டீயை மூடிவைத்தார்கள். பின்னணியில் வயலின். காலையில்தான் விஷயம் தெரிந்தது. பத்திரிகைகள் எல்லாம் இதை மகத்தான தியாகம் என்று எழுதித் தள்ளியிருந்தன. எழுதியவர்களில் ஒருவராவது ஒரு ராத்திரி அலைக்குள் போய்வந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

"சாகட்டும்யா, வேணாங்கல" என்றாள் ஹேசல், குழாயைப் படகின் அடியில் பீய்ச்சிக்கொண்டே. "பதினாலு வருஷம் ஓடினா யாருக்கும் ஒரு நாள் முடிவு வரும். சொல்லிட்டுச் சாக வேண்டியதுதானே? அந்தத் தகடு பொய் சொல்லாது. அது ஒண்ணுதான் அதுக்குத் தெரிஞ்ச வேலை. அதையே பொய் சொல்ல வெச்சிட்டானுங்க. நான் எழுதிக் குடுத்த தகடுய்யா அது!"

"சொன்னா அந்த ஆறு பேரும் விட்டிருப்பாங்களா? கூடவே கிளம்பியிருப்பாங்க."

"கிளம்பட்டுமே! கட்டிப்போட்டிருக்கட்டும், சண்டை போட்டிருக்கட்டும், கதவை உடைச்சிருக்கட்டும். அது அவங்க உரிமை இல்லையா? இவன் யாரு அதைப் பிடுங்கிக்க?"

"அவங்க நிம்மதியா ஒரு வேளை சாப்பிட்டாங்கல்ல. அதைத்தான் அந்த மனுஷன் குடுத்துட்டுப் போனான்." நெவில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "உனக்குப் புரியாது ஹேசல். எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு சுத்தி உக்காந்திருக்கறதுல என்ன இருக்கு? ஹாலம் மாதிரி போறதுதான் மனுஷன் போற லட்சணம். சத்தமில்லாம."

"லட்சணமா? ராபி கிரே ஞாபகம் இருக்கா?"

ராபி கிரே என்ற மீனவன், அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் புயல் எச்சரிக்கையன்று நண்டுப் பொறிகளை எடுக்கக் கடலுக்குப் போனான். சொன்னால் கவலைப்படுவாள் என்று நினைத்தான். இரண்டு நாள் யாரும் தேடவில்லை. மூன்றாம் நாள் கவிழ்ந்த படகின் மேல் அவனைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள் இருவரும்தான். முதல் நாளே தேடியிருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் சொன்னது இருவருக்கும் தெரியும்.

"ராபி பெண்டாட்டி இன்னமும் என்கிட்ட புலம்புவா" என்றாள் ஹேசல். "'நான் அன்னிக்கு ராத்திரி டிவி பாத்துச் சிரிச்சிட்டிருந்தேன் ஹேசல்'னு சொல்லிச் சொல்லி அழுவா. நிம்மதியாச் சாப்பிட்டாளாம்! அந்தச் சாப்பாடு இன்னும் அவ தொண்டையில நிக்குது."

"அது வேற, இது வேற. ராபியைக் காப்பாத்தியிருக்கலாம். இங்க ஒண்ணும் ஆகப்போறதில்ல. எப்படியும் போறதுதான். அந்த நாலஞ்சு மாசம் மத்தவங்களாவது சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே!"

ஹேசல் குழாயை மூடினாள்.

"எந்த நாலஞ்சு மாசம்?"

நெவில் துடைப்பத்தைப் பார்த்தார்.

"கதையில ஒரே ராத்திரிதானேய்யா. எந்த நாலஞ்சு மாசம்?"

படகின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நெவில் டிராக்டரின் படியில் உட்கார்ந்தார். மூன்று மாதமாக அவர் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்ததை ஹேசல் பார்த்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் விருந்தில்கூடக் கேலி செய்திருக்கிறாள். இப்போது அந்தக் கேலி அவளுக்கே அறைந்தமாதிரி இருந்தது.

"கணையத்துல புத்துநோய்" என்றார். "வைத்தியம் பண்ணிக்கிட்டா ஒருவேளை ஒன்றரை வருஷம். இல்லேன்னா நாலஞ்சு மாசம். செவ்வாக்கிழமை நியூகாசில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. போகலாமா வேணாமான்னு குழம்பிக்கிட்டிருந்தேன். நேத்து ராத்திரி ஹாலமைப் பாத்ததும் தெளிஞ்சிடுச்சு."

"மாரியனுக்கு? உன் பெண்டாட்டிக்கு?"

"தெரியாது. தெரியவும் வேணாம். ஈஸ்டருக்கு மகளைப் பாக்கப் போகணும்னு டிக்கெட்டெல்லாம் போட்டு வெச்சிருக்கா. உன் வாயைத் திறந்த, அவ்வளவுதான்."

ஹேசலுக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, கோபம்தான். அந்தக் கதையை எழுதியவனை, வயலின் வாசித்தவனை, தியாகம் என்று புகழ்ந்தவர்களை, எல்லோரையும் ஒரு வரிசையில் நிற்க வைத்துக் குழாயைத் திருப்பிவிடவேண்டும் போல இருந்தது. அவர்கள் ஒருவரும் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. நெவில் இருந்தார்.

"வைத்தியத்துக்குப் போ, போகாம இரு. அது உன் உடம்பு" என்றாள். "ஆனா முப்பத்தஞ்சு வருஷம் உனக்காக இந்தக் கொட்டகை வாசல்ல நின்னவ அவ. நீ கரை ஏறற வரைக்கும் ஒரு ராத்திரிகூட வீட்டுக்குப் போனதில்ல. அவகிட்டயே நான் கரையிலதான் இருக்கேன்னு பொய் சொல்லப்போறியா? வெக்கமா இல்ல?"

"ஹேசல்..."

"நான் சொல்லமாட்டேன். எனக்கென்ன வந்துச்சு? ஆனா பொய்க்கு நான் கூட்டு இல்ல."

விறுவிறுவென்று சுவருக்குப் போனாள். பதினெட்டுத் தகடுகளில் 'டாட்ஸ்' என்று பொறித்ததை ஆணியிலிருந்து பிடுங்கினாள். வந்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். அவர் கை சில்லென்று இருந்தது.

"மாட்டணும்னா நீயே போய் மாட்டிக்கோ. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. மாட்டவும் இல்லை. ஹேசல் மறுபடி குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய இடத்தையே கழுவினாள்.

பத்து மணிக்கு வழக்கம்போல மாரியன் வந்தாள். சனிக்கிழமைகளில் பன்றியிறைச்சி வைத்த ரொட்டி அவள் பொறுப்பு. தாள் பையில் எண்ணெய் கசிந்திருந்தது.

"என்ன ரெண்டு பேரும் எழவு வீட்டு மூஞ்சியோட இருக்கீங்க? ஹாலம் செத்ததுக்கா? ஏன்டி, ஊர்ல வேற வேலையே இல்லையா உங்களுக்கு?"

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள், அந்தக் கொட்டகைக்குள் நுழையும் எவரும் செய்வதைச் செய்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு டிராக்டர் படியில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"நெவில், உன் தகடு எங்க?"

ஹேசல் தண்ணீரை நிறுத்தினாள். ஒரு நிமிடம் அவர் மாட்டிவிடுவார் என்றே அவளுக்குத் தோன்றியது. துடைக்க எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாரியன் நம்பிவிடுவாள்.

நெவில் விரல்களைப் பிரித்தார். பித்தளை அவர் உள்ளங்கையில் ஒரு வட்டத்தைப் பதித்திருந்தது.

"நான் வெளியில இருக்கேன், மாரியன்" என்றார்.

மாரியன் அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். அவள் அழவில்லை, என்ன ஏது என்று கத்தவில்லை. டிராக்டரிடம் போய் அவர் பக்கத்தில் அதே படியில் நெருக்கி உட்கார்ந்தாள்.

"எவ்வளவு தூரத்துல?" என்று கேட்டாள்.