அம்மா சொன்ன 'ஆகட்டுங்க'

தொழில்நுட்பச் சட்ட வகுப்பு முடிந்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது தோழி தேஜஸ்ரீக்கு ஒரு விளம்பர அழைப்பு வந்தது. சும்மா ஸ்பீக்கரில் போட்டாள். "ஏனுங்க கண்ணு, நம்ம சைட்டு பாக்க வாரீங்களா?" என்றது என் அம்மாவின் குரல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத மாசாணியம்மாள் ஊருக்கெல்லாம் மனை விற்கிறாளாம்!

அம்மா கிணத்துக்கடவில் இருந்துகொண்டு சமையல் வீடியோ போடுவாள். குழம்பைவிட அவள் பேச்சுக்குத்தான் கூட்டம். குரலைக் கணினியில் நகலெடுக்கும் கம்பெனி ஒன்று அவளைப் போனில் பிடித்து, குரலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறது. அம்மா "ஆகட்டுங்க" என்றிருக்கிறாள். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு சம்மதம் என்கிறார்கள். கொடுமை என்னவென்றால், அம்மா போனில் ஆகட்டுங்க என்றால் 'போதும், வையுங்க' என்று அர்த்தம். அவ்வளவுதான்.

படித்த படிப்பு எதற்கு? அம்மா பேரில் நானே நோட்டீஸ் எழுதி அனுப்பினேன். கம்பெனி வக்கீல் சாய்குமார் எங்களைக் கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் தன் ஆபீசுக்கு வரச் சொன்னார். சம்மதிக்கவில்லை என்று அம்மா நேரில் சொல்லிவிட்டால் குரலை நீக்கிவிடுவார்களாம். பஸ்ஸில் வழிநெடுக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தலையை நன்றாகத்தான் ஆட்டினாள்.

பாவி மனுஷன், அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றார். தானே நாற்காலியை இழுத்துப் போட்டார், காப்பி வரவழைத்தார், முட்டிவலியை விசாரித்தார். அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப எங்க கம்பெனிப் பசங்க பொய் சொல்றாங்களாங்கம்மா?"

நான் அம்மாவின் தொடையைக் கிள்ளினேன்.

"அப்படிச் சொல்லுவனுங்களா? நாந்தானுங்க சரின்னு சொல்லிப்போட்டேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் அம்மா மரியாதையால் கெட்டாள். வெளியே வந்து அவளைத் திட்டித் தீர்த்தேன். காப்பி கொடுத்தவர் மூஞ்சிக்கு நேராக எப்படிச் சொல்வது என்று என்னையே கேட்டாள். சம்மதம் என்றால் என்ன என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தவள் நான். இல்லை என்று சொல்ல வராத ஒருத்தியை அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்ததும் நானேதான்.

இப்போது சொந்தக்காரர்களே அவள் குரலைக் கேட்டதும் சைட்டு விளம்பரம் என்று போனை வைத்துவிடுகிறார்கள். வீடியோவையும் நிறுத்திவிட்டாள். நேற்று தன் போனில் சார்ஜ் இல்லையென்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"கண்ணு, வச்சுப்போடாத. நெசமாலுமே அம்மாதான் பேசறேன்."