செல்போனை எடை போட்டவர்

தெருவில் அவருக்கு முத்திரைக்காரர் என்று பெயர். எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறித் தராசுகளுக்கு முத்திரை குத்தியவர். அவர் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். எடை குறைந்து பிடிபட்டவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "தராசுல ஏதோ கோளாறு சார்." அவரும் மசியாமல் ஒரே வாசகத்தைத்தான் எழுதுவார்: "கருவியில் கோளாறு இல்லை. கோளாறு கையாண்டவரிடம்." ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தக் கை அரிப்பு அடங்கவில்லை. சோதிப்பதற்கு ஒன்றும் சிக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் கண்ணில் மனைவியின் செல்போன் பட்டது.

அந்த அம்மாள் தினமும் மதியம் தன் தங்கையோடு இரண்டு மணி நேரம் பேசுவார். பேசி முடித்துப் போனை வைக்கும்போது இடது காது சிவந்திருக்கும். செல்போன் கதிர்வீச்சு மூளையை வேகவைத்துவிடும் என்று யாரோ அனுப்பிய செய்தியைப் படித்த நாளிலிருந்து, அந்தக் காதைப் பார்த்தாலே முத்திரைக்காரருக்குத் திக்கென்றது. பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வந்தால்தானே? அதட்டத்தான் வந்தது.

"போதும், வை!"

"என் தங்கச்சிகூட ரெண்டு வார்த்தை பேசினா உங்களுக்குப் பொறுக்காதே!"

மருமகள் பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவளிடமும் கேட்டுப் பார்த்தார்.

"இதுவரைக்கும் நடந்த ஆராய்ச்சியில கெடுதல்னு உறுதியா ஒண்ணும் தெரியல மாமா. இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. பயமா இருந்தா அத்தையை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசச் சொல்லுங்க."

'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்பதை ஒரு பதிலாகவே அவர் மதிக்கவில்லை. எடை என்றால் இத்தனை கிராம் என்று சொல்லவேண்டாமா?

அந்த நேரம் பார்த்துத்தான் மருமகளும் மகனும் பத்து நாள் விடுப்பில் வெளியூர் கிளம்பினார்கள். மருமகளின் வேலைக் கோட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ் உண்டு. எக்ஸ்ரே அறையில் இருப்பவர்கள் மேல் எவ்வளவு கதிர் படுகிறதோ, அவ்வளவையும் அது வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அளவைத் தெரிந்துகொள்வார்கள். மருத்துவமனையிலேயே விட்டு வரவேண்டிய அந்தப் பேட்ஜ், கிளம்புகிற அவசரத்தில் கோட்டோடு வீட்டுக்கு வந்து கதவுக் கொக்கியில் தொங்கியது. முத்திரைக்காரருக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது.

ஆனால் சோதிக்காத கருவியால் அளப்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது. தராசை எடை தெரிந்த கல்லை வைத்துச் சோதிப்பார்கள். பேட்ஜைச் சோதிக்க அப்படி ஒரு கல்லுக்கு எங்கே போவது? இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது. வீட்டில் சொன்னால் படுக்க வைத்துவிடுவார்கள் என்று மூச்சுவிடாமல் வைத்திருந்தார்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில், "சாவி, காசு, பெல்ட் எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். அந்தப் பட்டியலில் பேட்ஜ் இல்லை. ஆகவே அது சட்டப்படி அவருடைய பேன்ட்டின் பின்பக்கத்துக்குள் இருந்தது. படத்தில் முதுகெலும்பின் மேல் ஒரு சதுரம் விழுந்தது. மறுபடி எடுத்தார்கள். அதற்குள் அவர் பேட்ஜைச் சற்றே இடப்பக்கம் தள்ளியிருந்தார். சதுரமும் தள்ளி விழுந்தது. மூன்றாவது தடவை வலப்பக்கம். "மிஷினைத் தூக்கிப் போடணும்" என்று முனகிக்கொண்டே அந்த மனிதர் மூன்று படங்களையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

முத்திரைக்காரர் வெளியே வந்து பேட்ஜைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது. அது அவருடைய இடுப்புச் சூடு என்று யார் எடுத்துச் சொல்வது? குறிப்பேட்டில் 'கருவி இயங்குகிறது' என்று எழுதினார். கல்லை இறக்கியாயிற்று, முள் பூஜ்யத்துக்குத் திரும்பட்டும் என்று பெரிய மனதோடு அரை மணி நேரமும் கொடுத்தார். பிறகு எட்டு நாள், பேட்ஜ் மனைவியின் செல்போன் உறைக்குள் குடியிருந்தது.

"இது என்னங்க புதுசா?"

"காதுக்கு நல்லது. பேசாம இரு."

மருமகள் திரும்பி வருவதற்கு முன்னால் பேட்ஜ் கோட்டுக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் போயிற்று.

ஒருநாள் சாயங்காலம் மருமகள் வீட்டுக்கு வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. கைப்பையைக்கூட வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் பேட்ஜ்ல தாறுமாறா ஏறியிருக்காம் அத்தை. என்னை எக்ஸ்ரே அறையில இருந்து எடுத்து டோக்கன் குடுக்க உக்கார வெச்சுட்டாங்க. நாளைக்கு விசாரணை. என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. சொல்லலைன்னா அந்த அறைக்குள்ள இனிமே காலே வைக்க முடியாது." அவள் அழுதுவிட்டாள்.

முத்திரைக்காரர் துள்ளி எழுந்தார்.

"நான் சொன்னேனா இல்லையா! எல்லாம் இந்தச் செல்போன்தான்! எட்டு நாள் உள்ள வெச்சு அளந்திருக்கேன், சும்மாவா?"

மருமகளின் அழுகை பாதியில் நின்றது. "எதை வெச்சு அளந்தீங்க மாமா?"

சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"மாமா, செல்போன்ல வர்றது வேற ஜாதி. அது இந்தப் பேட்ஜ்ல பதியவே பதியாது. துணி அளக்கிற கோலை வெச்சுப் பாலை அளந்திருக்கீங்க. வேற எங்க கொண்டுபோனீங்க?"

"எங்கயும் போகல. கருவி சரியா இருக்கான்னு முதல்லயே சோதிச்சுட்டுத்தான் வெச்சேன். சோதிக்காம வெப்பேனா நான்?"

"எதை வெச்சு சோதிச்சீங்க?"

"எக்ஸ்ரே," என்றார். "மூணு தடவை."

மருமகள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் அரை மணி நேரம் விட்டேனேம்மா, முள்ளு பூஜ்யத்துக்கு வர..."

"அது தராசு இல்ல மாமா, உண்டியல்! போட்டது போட்டபடி உள்ளயே கிடக்கும். இறக்கி வைக்கவே முடியாது."

முத்திரைக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். கடைசியில், தாழ்ந்த குரலில், "பேட்ஜ்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிடேன்ம்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. எத்தனை கடைக்காரர்கள், எத்தனை வருடம், இதே குரலில்!

மனைவியும் விடவில்லை. "இதையே சொன்னான்னு எத்தனை பேர் கடையைச் சாத்த வெச்சீங்க?" என்று கேட்டார். அப்புறம் குரல் இறங்கியது. "எல்லாம் என் காதுக்காகவா?"

"வேற யார் காதுக்கு?" என்று எரிந்து விழுந்தார் முத்திரைக்காரர். கண் கலங்கியதை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையில், அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு மருமகளோடு மருத்துவமனைக்குப் போனார். துறைத் தலைவியான டாக்டரம்மா படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே முதுகெலும்பு. நடுவில், இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று சதுரங்கள். சதுரம் ஒவ்வொன்றின் உள்ளேயும் பேட்ஜுக்குள் இருக்கும் சின்ன வட்டத் தகடுகள் அச்சடித்த மாதிரி தெரிந்தன. டாக்டரம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைன்னு நான் மேல அனுப்பிடறேன். பேட்ஜை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதுக்கு மட்டும் அவளுக்கு ஒரு எச்சரிக்கை."

முத்திரைக்காரர் தேதி, நேரம், இடம் என்று ஒன்றுவிடாமல் எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. முப்பத்தொரு வருடம் பழகிய கைக்கு அந்த வரியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'கருவியில் கோளாறு இல்லை. கோளாறு கையாண்டவரிடம்.' கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது எவ்வளவு கசக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மருமகள் எக்ஸ்ரே அறையிலிருந்து கோட்டோடு வந்தாள். முகத்தில் உயிர் வந்திருந்தது. கையில் புதுப் பேட்ஜ்.

"கோட்டை உதறி மாட்டிக்கிறேன், இதைக் கொஞ்சம் பிடிங்க மாமா" என்று நீட்டினாள்.

முத்திரைக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.